மகளின் நாடியில் வந்த தந்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஸ்டேஷனில் கட்டுக்கட்டென்று வரும் ஓசையைக் கேட்டுத் தந்தியை எழுத்தாக்குவது என் வேலை. தகரத்தில் மழை சொட்டினாலும் அதில் ஏதாவது எழுத்து வருகிறதா என்று தேடும் காது எனக்கு.

ஒரு ஞாயிறு, ஒன்பது வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தேன். விரலடியில் அவள் நாடி கொஞ்சம் விறுவிறுவென்று ஓடியது. பிறகு தயங்கித் தயங்கி அடித்தது. மறுபடி ஓட்டம், மறுபடி தயக்கம். இதயம் எனக்கு அவசரத் தந்தி அடிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை பள்ளியில் ஓட்டப்பந்தயம். கூடாது என்றேன். ஒரு மாதமாக அதற்கென்றே ஓடிப் பழகியவள், அழுதாள். திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டே போனேன்.

"புள்ளைய எறக்கி விடுங்க, குவார்ட்டர்ஸ் லைனே சிரிக்குது!" என்று மனைவி வாசலில் நின்று கத்தினாள். நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, அதே மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு, டாக்டருக்கு அடுத்தபடி நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் ஓடினேன். மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று மகளையே கேட்டார். அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். இவளுக்கு அது எப்படித் தெரியும்?

"நாளைக்கு அப்பா ஓட விடமாட்டேங்கிறாரு" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் விரலை அவள் நாடியில் வைத்து, அவளை மெதுவாக மூச்சு விடச் சொன்னார். மூச்சு உள்ளே போனால் ஓட்டம். வெளியே வந்தால் தயக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நாடி கடிகாரம் போல ஒரே சீராக அடித்தது.

"கன பிள்ளையளுக்கு இப்பிடித்தான் தம்பி, மூச்சோட ஏறி இறங்கும். ஓடேக்கை மயங்கி விழுந்தால், சும்மா இருக்கேக்கை நெஞ்சு திடீரெண்டு படபடத்தால், அப்ப கொண்டு ஓடி வாரும். இவளுக்கு ஒரு வருத்தமுமில்லை." அப்படியே என் கையைப் பிடித்துப் பார்த்தார். "உமக்கல்லோ இங்க குதிரை ஓடுது!"

மறுநாள் மகள் ஓடினாள், மூன்றாவதாக வந்தாள். முடிவுக் கோட்டில் மயங்கி உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான்.

முழுச் செய்தியும் வரும்முன் அர்த்தம் எழுதாதே என்பது தந்திக்காரனின் முதல் பாடம். இரண்டு எழுத்தைக் கேட்டு மீதியை நானே எழுதிக்கொண்டுவிட்டேன். இன்றும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், முதலில் என் நாடியைத்தான் பிடித்துப் பார்க்கிறேன்.