மாதேஸ்வரன் வாங்கிய மெடல்கள்

பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவன் மாதேஸ்வரன். தொப்பூர் மலைப்பாதையில் முழு லோடோடு எத்தனையோ முறை இறங்கியிருக்கிறான். ஒரு கீறல் விழுந்ததில்லை. அவனை முடக்கிப் போட்டது ஓட்டம் அல்ல. நின்றுகொண்டிருந்த லாரிதான். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி, மழை வருகிற மாதிரி இருந்ததால் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லாமல் போனது அவனுடைய நாற்பத்திரண்டாவது வயதில்.

பென்னாகரம் ரோட்டை ஒட்டிய வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்து இழுத்து அவனே புரண்டு படுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரளாவிட்டால் சதை அழுகும், அழுகினாலும் அவனுக்கு வலி தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவி பானுமதி காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ஏறினால் வர ஆறரை ஆகும். அதனால் மகள் சுசித்ரா, கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும் முன் தன் பழைய போனில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்துக் கொடுத்தாள். அப்படியே பொழுதுபோக ஒரு லாரி விளையாட்டையும் ஏற்றிவிட்டுப் போனாள்.

முதல் நாள் அதைத் திறந்தபோது மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கட்டைவிரலால் லாரி ஓட்டுவதா? மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. வளைவு வரும்போது உடம்பு தானாகச் சாய்ந்தது. இறக்கத்தில் கியரைக் குறைத்தான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டான், அது பொம்மை பஸ் என்று தெரிந்தும். பொழுது சாயும் நேரத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, வைப்பர் அசைவதையும் மழை கண்ணாடியில் வழிவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த மாதம் முழுக்க, வேலை முடிந்து வரும் பானுமதியிடம் அவன் ஏதாவது சொன்னான்.

"இன்னிக்கு ஒரு மலையில ஏறுனேன் பானு. நம்ம ஒகேனக்கல் ரோடு கணக்கா இருந்துச்சு. பனி. ஒண்ணுமே தெரியல, ஆரன் அடிச்சிட்டே போனேன்."

"மெதுவாப் போங்க," என்பாள் அவள், அடுப்படியிலிருந்து. விழுந்ததற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் வந்தான். இருவரும் ஒரே முதலாளியிடம் ஓட்டியவர்கள். மாரப்பன் இப்போது லாரியை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவனும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறானாம்.

"எத்தன மெடல் வச்சிருக்கற?" என்று கேட்டான்.

"மெடலா? நான் சும்மா ஓட்டறேன்டா."

"இத்தன நாளா சும்மாவா சுத்திட்டு இருக்கற?" மாரப்பன் போனை வாங்கி, மூலையில் இருந்த கோப்பைப் படத்தை அமுக்கினான். திரை முழுக்கச் சாம்பல் நிற வட்டங்கள் வந்து நின்றன. ஐம்பத்திரண்டு. அதில் ஆறு மட்டும் தங்க நிறத்தில். "நான் இருவத்தியொண்ணு. நீயெல்லாம் ஒரு டிரைவரு. நிசமாவும் ஓட்டறதுக்கு இல்ல, இதுலயாவது ஓட்டிக் காட்டு." சிரித்துக்கொண்டே சொன்னான். போகும்போது, புண் வராமலிருக்க அவன் முதுகில் தடவியிருந்த வேப்பெண்ணெயின் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்துவிட்டுப் போனான்.

அவன் போனதும் மாதேஸ்வரன் வட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். ஊர்ப் பலகை படித்துப் படித்து வந்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது. நூறு லோடு இறக்கினால் ஒன்று. விபத்தே இல்லாமல் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்று. நிறுத்தாமல் ஆறு மணி நேரம் ஓட்டினால் ஒன்று. விடாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாள் வந்தால் கடைசி ஒன்று.

மறுநாளிலிருந்து அவன் எங்கேயும் ஓரங்கட்டவில்லை. மலைப்பாதையை விட்டான், அதில் கிலோமீட்டர் ஏறாது. ஒரு துறைமுகத்துப் பக்கம் ஆளில்லாத ரவுண்டானா ஒன்றைக் கண்டுபிடித்து, அதையே சுற்றினான். கிடந்தபடி, முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு, நாலாயிரம் சுற்றுக்கு மேல். நின்ற இடத்திலேயே ஆயிரம் முறை ஆரன் அடித்து ஒரு மெடல் வாங்கினான். தங்க வட்டம் ஒன்று சுழன்று வந்து நிற்கும்போது நெஞ்சுக்குள் சுரீர் என்று ஒன்று ஏறும். அது அடங்குவதற்குள் அடுத்த சாம்பல் வட்டத்தைப் பார்ப்பான்.

விபத்தில்லா ஐயாயிரத்தில் நாலாயிரத்து எழுநூறு வந்திருந்தபோது பன்னிரண்டு மணி அலாரம் அடித்தது. திரையை மறைத்துக்கொண்டு அது வந்து விழ, லாரி ஒதுங்கிப் போய் ஒரு காரில் இடித்தது. எண் பூஜ்யத்துக்குப் போனது. மாதேஸ்வரன் நாலு அலாரத்தையும் எடுத்துவிட்டான். நேரம் தெரியும், தானே புரண்டுகொள்ளலாம் என்று நினைத்தான். கொஞ்ச நாள் புரளவும் செய்தான்.

பானுமதி ஏதாவது கேட்டால் பதில் வருவது நின்றுபோனது. ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது கை தட்டித் திரை அணைந்தது. ஆறு மணி நேர ஓட்டத்தில் ஐந்தரை மணி நேரம் போயிருந்தது. அவன் தட்டை வாங்கிச் சுவரில் எறிந்தான். குழம்பு வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "காலு போனா கை இருக்குதுன்னு காட்டறீங்களா?" என்றாள். துடைக்காமல் உள்ளே போனாள். அந்தக் கறை அப்படியே காய்ந்தது.

முந்நூற்று முப்பதாம் நாள் நெருங்கியபோது ஐம்பத்தொரு வட்டம் தங்கமாகிவிட்டது. நாள் கணக்கு ஒன்றுதான் பாக்கி. அந்த விளையாட்டின் நாள் நம் ஊர்க் கணக்குக்கு விடிகாலை ஐந்தரைக்கு மாறும். அதற்குள் ஒருமுறையாவது லாரியை எடுத்து அடுத்த ஊர் வரை போய் நிறுத்த வேண்டும். ஒருநாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

அந்தச் சமயத்தில்தான் அறையில் ஒரு வாடை வந்தது. முதலில் தெரிந்தது அவனுக்குத்தான். எலி செத்திருக்கும் என்று நினைத்தான். பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் போன் கையில் இருக்குமோ இருக்காதோ. ஞாயிறுதோறும் பானுமதி அவனைப் புரட்டித் துடைத்துவிடுவாள். இரண்டு ஞாயிறு, குளிராக இருக்கிறது, காய்ச்சலாக இருக்கிறது என்று அவளைக் கட்டிலருகே விடவில்லை. ஊதுபத்தி ஏற்றி வைக்கச் சொன்னான்.

மூன்றாவது ஞாயிறு ஈ மொய்த்தது. அவள் ஒன்றும் கேட்காமல் தோளைப் பிடித்துப் புரட்டிப் போட்டாள். ஈயை விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்ன பானு?"

அவள் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். கிளிக் என்று சத்தம் கேட்டது. படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழி. சுற்றிலும் கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஏதோ. அது எலும்பு.

"இதுக்கு எந்த மெடலுங்க குடுப்பாங்க?" என்றாள்.

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு திரையின் மூலையைப் பார்த்தான். சார்ஜ் பதினாலு சதவீதம் இருந்தது. இன்றைக்கு இன்னும் லாரியை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். குப்புறக் கிடந்தபடியே அவன் தினமும் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டான். பிறகு, எலும்பு வரை போயிருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று விடியும் முன்பே போனை வாங்கிப் பானுமதியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது மாதேஸ்வரன் மனைவியின் முந்தானையைப் பிடித்தான்.

"மயக்கம் தெளிய நாளைக்குக் காலையில ஆயிருமாம். எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி பானு. அஞ்சரைக்குள்ள வண்டிய எடுத்து அடுத்த ஊர்ல நிறுத்திரு. பச்சைப் பட்டன், அவ்வளவுதான். ரெண்டு நிமிசம். முந்நூத்தி முப்பத்தொம்பது நாளு பானு."

விழுந்த பிறகு அவன் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கண் விழித்தவன் கேட்ட முதல் வார்த்தை, "எடுத்தியா?"

பானுமதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. "இல்லீங்க."

"தூங்கிட்டியா?"

"முழிச்சுத்தான் இருந்தேன். அஞ்சு மணியில இருந்து போனக் கையிலயே வச்சிருந்தேன். பச்சைப் பட்டன் தெரிஞ்சுது. அஞ்சரை ஆவற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். ஆச்சு. அப்பறம் டீ குடிக்கப் போயிட்டேன்."

அவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டது மாதிரி கொஞ்சம் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது நாள் அவளிடம் பேசவில்லை அவன்.

மாரப்பன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். மெடல் பேச்சை மாதேஸ்வரனே எடுத்தான்.

"அதா? போன தைப்பொங்கலுக்கே அம்பத்திரண்டும் வந்திருச்சு. அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டியா?"

"எல்லாம் வந்தப்பறம் என்னாத்துக்குடா ஓட்டறது? இப்ப மீன் புடிக்கறது ஒண்ணு ஏத்தியிருக்கேன்."

அவன் போன பிறகு மாதேஸ்வரன் விளையாட்டைத் திறந்தான். லாரி நின்ற இடத்தில் நின்றது. மலை ரோடு, லேசான மழை. கொஞ்ச தூரம் ஓட்டினான். எதற்காகப் போகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. நடு ரோட்டில் அப்படியே விட்டான். பின்னால் வந்த வண்டிகள் ஆரன் அடித்தன. போனைக் கவிழ்த்து வைத்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் தெரசா ஒரு தாள் கொடுத்தாள். கட்டம் கட்டமாகப் போட்டு நகல் எடுத்தது. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை இரண்டு மணிக்கு ஒரு கட்டம், ஒரு நாளைக்கு எட்டு.

"பொரண்டு படுத்ததும் ஒரு டிக் போடுங்கண்ணா. மாசம் முடிஞ்சு வரும்போது எடுத்துட்டு வாங்க. ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது. இன்னொரு தடவ வெட்டறதுக்கு அங்க சதை இல்ல."

மாதேஸ்வரன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தான். அன்றிலிருந்து சரியாக நேரத்துக்குக் கயிற்றைப் பிடித்தான். புரண்டதும் பேனாவை எடுத்து அழுத்தமாக ஒரு டிக். முதல் வாரம் ஐம்பத்தாறு கட்டமும் நிறைந்தது. பானுமதி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லயே," என்றாள். அவளுக்கே தெரியாமல் குரல் இளகியிருந்தது. அவன் பழையபடி பேசத் தொடங்கினான். இரண்டாவது வாரம் அவள் அவனுக்குப் பிடித்த அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள்.

பதினாறாம் நாள் மத்தியானம் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டான். விழித்தபோது மூன்றே முக்கால். இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. பதினைந்து நாள் வரிசை வரிசையாக நிறைந்த தாளில் அந்த ஒரு வெள்ளை ஓட்டை. அவனால் அதைப் பார்த்துக்கொண்டு கிடக்க முடியவில்லை. டிக் போட்டான். யாருக்கு என்ன நட்டம்?

பதினெட்டாம் நாள் தோள் வலித்தது, கயிற்றை இழுக்கவில்லை. டிக் மட்டும் போட்டான். இருபதுக்குப் பிறகு பானுமதி வேன் ஏறியதுமே நாலு கட்டத்தையும் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் அவள் தாளைத்தான் பார்த்தாள். கட்டு பிரிப்பதற்குச் சின்னம்மாள் என்கிற கிராம நர்ஸ் வாரம் ஒருமுறை வருவாள். அந்தக் கடைசிப் பத்து நாளும் அவள் லீவில் இருந்தாள்.

மாதம் முடிந்து வாடகை ஆட்டோவில் போனார்கள். தெரசா அவனைக் குப்புறப் போட்டுக் கட்டைப் பிரித்தாள். பானுமதி பெருமையாகத் தாளை நீட்டினாள். "பாருங்க சிஸ்டர், ஒண்ணுகூட விடல."

தெரசா தாளை வாங்கவில்லை. பஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் பானுமதியைக் கிட்டே வரச் சொல்லிக் காட்டினாள். தையல் பிரிந்து, பழைய குழிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று திறந்திருந்தது. பானுமதி அதைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எல்லா டிக்கும் ஒரே மாதிரி, ஒரே பேனாவில், அழகாக இருந்தன. அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக. பிறகு மடிக்க முடியாமல் கைக்குள் வைத்து நசுக்கினாள். சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"டாக்டரக் கூப்பிடறேன்," என்றாள் தெரசா.

குப்புறக் கிடந்த மாதேஸ்வரனுக்கு முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அங்கே அவனுக்கு எதுவும் தெரிவதில்லை.

"சிஸ்டர்," என்று கூப்பிட்டான். "அடுத்த மாசத்துத் தாளு இப்பவே குடுத்துருங்க. இல்லன்னா நாளைக்கி ஒரு நாளு விட்டுப்போயிரும்."