சுகந்தி போட்ட முதல் மெயில்

சுகந்தி போய்விட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னபோது, "சரி" என்றேன். ஏ.எஸ்.ராவ் நகர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர்; முந்தின நாள் மதியம் என் தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தவர். மாரடைப்பாம். மல்காஜ்கிரி வீட்டுக்குப் போய் மாலை போட்டுத் திரும்பினேன். அழுகை வரவில்லை. அலுவலகத்தில் மதியம் டிபன் டப்பாவைத் திறக்கவும் தோன்றவில்லை. தினமும் அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன்.

இந்த அலுவலகத்தில் உங்கள் எல்லாருடைய மெயில் பெட்டியையும் சர்வரில் வைத்தது நாங்கள் இருவர்தான். பெரிய வித்தையில்லை. ஆள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மூன்று சின்ன ஃபோல்டர். கடைசியில் அவற்றின் உரிமையை அந்த ஆளுக்கு மாற்றித் தர வேண்டும். அதைத்தான் நான் மறப்பேன். மெயில் உள்ளே போகாது. சுகந்தி எட்டிப் பார்ப்பார்.

"ஐயோ, நக்கோ மூர்த்தி, இப்படிச் செய்யாதீங்க! வீட்டைக் கட்டிக் குடுத்துட்டு சாவிய நீங்களே பாக்கெட்ல வச்சுக்கிட்டா, அவங்க எப்படி உள்ள போவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மெயில் போடுவோம். நான் 'டெஸ்ட்' என்று போடுகிறவன். அவர் அவரவர் பாஷையில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பார். "புதுசா வந்த மனுஷங்ககிட்ட கேக்குற கேள்வி வேற என்ன? சர்வர் வாங்க மாட்டேன்னுடுமா?" என்பார். உங்கள் பெட்டியின் அடியில் போய்ப் பாருங்கள், முதல் மெயிலாக இருக்கும்.

டில்லியிலிருந்து வந்த மேலதிகாரிக்கும் அதே கேள்வி போனது, இந்தியில். "மாட்டினீங்க" என்றேன் சுகந்தியிடம். 'இன்னும் இல்லை' என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. சுகந்தி தன் புளியோதரையை மாடிக்கு அனுப்பிவிட்டு, என் டப்பாவில் கை வைத்தார். மறுநாள் அந்த மனிதர் காலி டப்பாவைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

சுகந்தியின் காரியம்கூட முடியவில்லை. அதற்குள் அவர் இடத்துக்கு ஒரு தெலுங்குப் பெண் மாற்றலாகி வந்துவிட்டார். அவருக்குப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மெயில் உள்ளே போகவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உரிமையை மாற்றினேன். 'டெஸ்ட்' என்று அடித்து, அழித்தேன். சாப்பிட்டாச்சா என்பதைத் தெலுங்கில் 'தின்னாரா?' என்று போட்டேன்.

சுகந்தியின் நாற்காலியும் கீபோர்டும் வேறொருவருக்குப் போய்விட்டன. அந்தக் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மெயில் போய்ச் சேர்ந்தது. பதிலும் உடனே வந்தது: சாப்பிட்டேன் சார், நீங்க?

'இனிமேல்தான்' என்று பதில் போட்டுவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.