இரண்டு கைக்கும் வெளிச்சம்

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். அம்பத்தூரில் எமர்ஜென்சி விளக்கு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சால்டரிங் வேலை. வீடு பட்டாபிராமில். யாரோடும் பேசக் கூச்சம். அதனாலோ என்னவோ, பக்கத்துப் போர்ஷனுக்கு வந்த தம்பதியோடு சீக்கிரம் ஒட்டிவிட்டேன். இருவருக்கும் காது கேட்காது. கைகளால்தான் பேசிக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. இருட்டில் கணவரிடம் சொல்ல வழியில்லை. போன் டார்ச்சைப் பிடித்தால் பேச ஒரு கைதான் மிச்சம். எங்காவது சாய்த்து வைக்கலாமென்றால் சார்ஜும் தீர்ந்துவிட்டது. அவருக்குப் புரிவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் கணவர் நடந்ததைப் போனில் எழுதிக் காட்டி, எரியாத எமர்ஜென்சி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பேட்டரி நன்றாக இருந்தது. பத்து வாட் எல்ஈடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சம் அதிகமாக இருந்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு. ஜன்னலை மூடி எரியவிட்டோம். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். கண் கூசினால் அவர்களுக்குக் காதை அடைத்த மாதிரி. ஒரு மணி நேரத்தில் விளக்கும் அணைந்தது. அதன் முதுகைத் தொட்டேன், சுட்டது. பேட்டரியில் இருந்ததில் பாதி சூடாகவே போயிருக்கிறது.

எலக்ட்ரிக் கடையில் நாலு வகை எல்ஈடி வாங்கும்போது, "ஒரு வாட்டுக்கு எது அதிகமா வெளிச்சம் தரும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, எல்ஈடி வாங்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?" என்றார் கடைக்காரர். நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அட்டையைப் பார்த்துப் படித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஒவ்வொன்றாக எரியவிட்டு, என் மனைவியை எதிர்ச் சுவரோரம் விரல் காட்டச் சொல்லி எண்ணினேன்.

"கல்யாணமாயி இத்தினி வருசத்துல இன்னிக்குதான்யா என் கைய இப்டி பாக்குற!"

"மூணு," என்றேன்.

"நாலுய்யா. அந்த பல்ப தூக்கி போடு."

கடைசியில் தேறியது குட்டி எல்ஈடி பன்னிரண்டு. ஒன்றைப் பளீரென்று எரியவிடுவதைவிட, பன்னிரண்டுக்கும் கரண்டைக் குறைத்துக் கொடுத்தால் அதே பேட்டரி நெடுநேரம் தாங்கியது. தொட்டால் சூடே இல்லை. மேலே பால் நிறப் பிளாஸ்டிக் தகடு மாட்டினேன். கண் கூசவில்லை. அவர்கள் வீட்டில் இருவருக்கும் நடுவே, உத்தரத்தில் தொங்கவிட்டேன்.

அடுத்த மழையில் ஆறு மணிக்குப் போன கரண்ட் ஒன்பதாகியும் வரவில்லை. பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் அப்படியே இருந்தது. சுவரில் நாலு கைகளின் நிழல் வேகவேகமாக ஆடியது.

"சண்ட போட்டுக்கினு கீறாங்கய்யா," என்றாள் என் மனைவி.

கொஞ்ச நேரத்தில் கணவர் எங்கள் வாசலுக்கு வந்தார். போனில் எழுதிக் காட்டினார்: 'முன்னெல்லாம் கரண்ட் போனா நான் தப்பிச்சிடுவேன்.'

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் பின்னாலேயே அந்தப் பெண் வந்து அவர் தோளைத் தட்டினார். அவர் கையிலிருந்த போன் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ கேட்டார். எங்கள் வாசலில் வேறு விளக்கு இல்லை; பதில் சொல்ல அவருக்கு இரண்டு கையும் வேண்டும், வெளிச்சமும் வேண்டுமே. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு தங்கள் வீட்டு விளக்கடிக்குப் போனார்.