நோட்டீஸில் என் முகம் மட்டும்

எங்கள் கட்சி இரண்டு தீபாவளிகூடப் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் பிறந்தது. கல்லூரி ஆசிரியர்கள், வக்கீல்கள், ரிட்டயரான ரயில்வேக்காரர்கள், அவர்களோடு காட்டூரில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்த நான். தனிமனித சுதந்திரம், யார் காலிலும் விழாத அரசியல், இதுதான் கொள்கை. தாராளவாதக் கட்சி என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஊரோ, 'மாடிக் கட்சி' என்றது. எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம்!

மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். நான்தான் வேட்பாளர். நோட்டீஸ் அடிக்கும் பேச்சு வந்தபோது, தலைவராக இருந்த பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"உங்க சார் படத்தையும் ஓரமாப் போட்ருவோம்மா. லேடீஸ் வார்டுன்னா ஜனங்க வீட்டுக்காரரைப் பாத்துத்தான் ஓட்டுப் போடுவாங்க."

"சார், அவரு நம்ம கட்சியிலயே இல்லீங்களே! வேற கட்சிக்குப் பரம்பரை ஓட்டுங்க."

"அது நோட்டீஸ்ல தெரியாதும்மா."

தனிமனித சுதந்திரம் பேசிய வாயா இது! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓட்டெடுப்பு கேட்டேன். டீயா காபியா என்பதற்கே கை தூக்கும் கட்சி எங்களுடையது. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ஜெயித்தேன். நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று காட்டூர் வரைக்கும் பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி, "நீங்களாங்க இது?" என்றதும் அவருக்கு ஒன்று கொடுத்தேன்.

தெருத்தெருவாக அலைந்தேன். "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்காத வாசல் இல்லை.

"ஃபாக்டரில இருக்காருங்க. நிக்கிறது நானுங்க" என்பேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் உட்காரவைத்துச் சாக்கடை அடைப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார்கள். அது எனக்குப் பொதுக்கூட்டத்தைவிடப் பெருமையாக இருந்தது.

தோற்றேன். நன்றாகவே தோற்றேன். அடுத்த சில மாதங்களில் கட்சியும் கலைந்தது, அதையும் முறையாக ஓட்டெடுப்பு நடத்தித்தான் செய்தோம். ஆனால் எனக்கும் ஓட்டு விழுந்திருந்தது. வாக்கு எண்ணிய அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளரை நீட்டினார்.

"கோவிச்சுக்காத. நான் எங்க கட்சிக்குத்தான் போட்டேன்."

ஒரு நொடி மனசு சுருக்கென்றது. மறுநொடியே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், காபி தளும்பித் தரையெல்லாம் கொட்டியது.

"அப்ப, விழுந்த ஓட்டு அத்தனையும் என் முகத்துக்கே விழுந்ததுங்க!"