ஒத்தைக்காக நிற்காத வேன்

மே மாதம் வந்தால் ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு சண்டை. எங்கே போவது என்பதுதான் விஷயம். வேலூர்க் கோட்டை என்று ஒருவர் வாயெடுத்தால், லாங் பஜாருக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அதைத்தானே பார்க்கிறோம் என்று இன்னொருவர் மடக்குவார். ஜலகாம்பாறைக்குப் போகலாம். ஆனால் மே மாதத்தில் அருவி லீவு, பாறை மட்டும் டூட்டி. அமிர்திக்குப் போனால் மானைப் பார்க்கலாம். மான் நம்மைப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்விடும். கடைசியில் எல்லாரும் ஏலகிரிக்கே போவார்கள். அங்கே வெயில் கொஞ்சம் கம்மி. அந்தக் கொஞ்சத்துக்காகப் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர்தான் இன்பச் சுற்றுலா.

எழிலரசி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் மேல்தோலில் நூல் பிசகியிருந்தாலோ சுருக்கம் விழுந்திருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினோரு வருஷமாக இதே வேலை. அதனால் ஒரு குறையைப் பார்த்துவிட்டு மறந்துபோகிற பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது. போன மே மாதத்திலிருந்து அவள் மனசுக்குள் ஒரு அம்பு சூப்பர்வைசர் மதியழகனின் நெற்றியில் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் தையல் லைன் ஆட்கள் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வேன் பிடித்துப் போவார்கள். போன வருஷம் பொறுப்பு மதியழகனுடையது. கழுத்தில் விசில், கையில் வாட்ச், ஏரிக்கரையிலும் டார்கெட். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏலகிரியிலிருந்து கிளம்பும்போது தலையை எண்ணினார். ஷூ கம்பெனிக்காரர் தலையைத் தலையாகவா எண்ணுவார்? ஜோடி ஜோடியாக எண்ணினார். காலையில் வந்தது பன்னிரண்டு ஜோடி. இப்போதும் பன்னிரண்டு ஜோடி. ரைட் என்று விசில் கொடுத்தார்.

ஆனால் டிரைவரின் தோஸ்த் ஒருவர் மலையில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவரும் தோஸ்த்தும் சேர்ந்து ஒரு ஜோடி ஆகிவிட்டார்கள். நிஜமான ஒரு ஜோடி, அதாவது எழிலரசியும் அவள் மகள் பூவிழியும், படகிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. பையும் போனும் வேனில். எட்டு வயசுப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டாள். அழவில்லை. "நம்மள யாருமே தேடலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். வாணியம்பாடிக் குடும்பம் ஒன்று தங்கள் காரில் இடுக்கிக்கொண்டு வந்து கீழே இறக்கிவிட்டது.

திங்கட்கிழமை மதியழகன் சொன்னது ஒரே வரி. "ஜோடி சரியாத்தாம்மா இருந்துச்சு, நீதான் டைமுக்கு வந்திருக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. டூரில் அதிகமாக நொட்டை சொல்கிறவர் தலையில் அடுத்த வருஷப் பொறுப்பு விழும். அதனால் சாப்பாட்டில் கல் கிடந்தாலும் எல்லாரும் கடித்துவிட்டுச் சிரிப்பார்கள். எழிலரசி அன்றைக்கு வாயைத் திறந்தாள். புளிசாதத்தில் உப்பு ஜாஸ்தி, வேனில் பாட்டுச் சத்தம் ஜாஸ்தி, ஏரியில் தண்ணி கம்மி என்று டீ டைம் முழுக்க அடுக்கினாள். விட்டுவிட்டுப் போனதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

"இவ்ளோ பேசறியே, அடுத்த வருஷம் நீயே நடத்து" என்று மதியழகன் விசிலைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தார்.

"சரிங்க சார்" என்றாள், பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி.

பக்கத்து மெஷினில் தைக்கிற நசீமுன்னிசாவுக்கு, லைன் முழுக்க ஆப்பா என்று கூப்பிடுகிற அந்த அக்காவுக்கு, மட்டும் விஷயம் புரிந்தது. "இன்னாடி செய்யப் போற?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் ஆப்பா. அவர் ரூலை அவருக்கே போடுவேன். அடுத்த டூர்ல, எங்கள விட்டுட்டுப் போனேன்னு அவர் வாயால சொல்ற வரைக்கும் வண்டி திரும்பாது."

"ஒரு வார்த்தைக்கா ஒரு வருஷம் காத்துக்கினு இருப்ப?"

"அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேணும்."

இந்த வருஷமும் ஏலகிரி. அதே ஏரி, அதே பன்னிரண்டு ஜோடி. மத்தியானம் மரத்தடியில் டப்பாக்களைத் திறந்தார்கள். மதியழகனின் மனைவி ஹேமலதா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளறிய எலுமிச்சை சாதத்தை அவர் எல்லார் முன்னாலும் பரிசோதித்தார். கடுகு கருகல் ஒன்று, வேர்க்கடலை நமுத்தது இரண்டு, மஞ்சள் ஒரு பக்கம் ஜாஸ்தி ஒரு பக்கம் கம்மி. "ஷேடு மேட்ச் ஆகல பாரு" என்று சிரித்தார். ஹேமலதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழிலரசி செக்கர் கண்ணால் பார்த்தாள். தையல் மேலே நன்றாக இருந்தது, உள்ளே விட்டுப்போயிருந்தது.

நாலரைக்கு எழிலரசி அவரிடம் போனாள். "சார், அந்தச் சந்துல பலாப்பழம் விக்கறாங்க. நம்மள ஏமாத்திடுவாங்க. தட்டிப் பாத்து வாங்க உங்களை விட்டா யாரு இருக்கா? அஞ்சுக்கு வண்டி."

"நான் வராம வண்டி எப்படிம்மா போகும்?" என்று சொல்லிவிட்டு, பவர் பேங்க்கில் சார்ஜ் போட்டிருந்த போனை மனைவியின் பையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

ஐந்தடிக்க விசில் ஊதினாள். எண்ணினாள். பதினோரு ஜோடி. ஒரு ஒத்தை.

கம்பெனியில் ஜோடி சேராத ஒத்தை ஷூவை ஓரமாகப் போட்டுவிட்டு மற்றதை அனுப்பிவிடுவார்கள். ஒத்தைக்காக லாட், அதாவது மொத்தச் சரக்கு, நிற்கக் கூடாது என்பது மதியழகன் தினமும் நாலு தடவை சொல்கிற வேதம். லைன் முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. அவளோ ஹேமலதாவைப் பார்த்தாள். இந்த ஒரு இடத்தைத்தான் அவள் கணக்குப் போட்டு வைக்கவில்லை. அந்த அம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும்.

"அவரு இன்னும் வரலை" என்றாள் எழிலரசி.

ஹேமலதா ஜன்னலை முழுசாகத் திறந்தாள். பக்கத்துக் காலி சீட்டில் பையை வைத்தாள். "பழம் பாக்கத் தெரிஞ்சவருக்கு பஸ் பாக்கத் தெரியாதா? போலாம்."

மூன்று வளைவு இறங்கியதும் பைக்குள் போன் அடித்தது. மனிதருக்கு மனைவி நம்பர் மனப்பாடம் இல்லை. பழக்கடைக்காரர் போனிலிருந்து தன் நம்பருக்கே அடித்திருந்தார். ஹேமலதா அதை எடுத்து எழிலரசியிடம் நீட்டினாள். நசீமுன்னிசா எட்டி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"எங்க இருக்கீங்க எல்லாம்?"

"இறங்கிக்கினு இருக்கோம் சார். ஒத்தை ஒண்ணு விட்டுப்போச்சு."

"இன்னா விளையாட்டு இது? கையில பதினஞ்சு கிலோ பழம் வெச்சிக்கினு நிக்கறேன். திருப்பச் சொல்லு."

"திருப்பறேன் சார். நீங்க செஞ்சத ஒரு தடவை சொல்லிடுங்க. எல்லாரும் கேக்கறாங்க."

போனில் காற்று அடித்தது. அப்புறம் குரல் இறங்கியது. "செஞ்சதா? எதைச் சொல்ற?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

டிரைவர் டவர் நன்றாகக் கிடைக்கிற திருப்பமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். அவருக்கும் கேட்க ஆசை.

"நசீமாவுக்கு நோன்பு டைம்ல லீவு இல்லன்னு சொன்னேனே, அதுவா? லீவு இருந்துச்சும்மா. என் மச்சினிச்சி வூட்டு விசேஷத்துக்கு நான் எடுத்துக்கினேன்."

"அல்லாவே" என்றாள் நசீமுன்னிசா மெதுவாக. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது இல்ல சார்" என்றாள் எழிலரசி.

"கோதண்டபாணி தெச்சது எல்லாம் சரியா இருந்தும் ரிஜெக்ட் போட்டது? அன்னிக்கு எனக்கு வீட்ல பேஜாரு, அதான்."

பின்சீட்டில் கோதண்டபாணி கையிலிருந்த முறுக்கை நொறுக்கினார்.

"அதுவும் இல்ல."

"ஹேமா தம்பி வேலை கேட்டு வந்தான், இடம் இல்லன்னு அனுப்பிட்டேன். இடம் இருந்துச்சு. அதை உங்கிட்ட சொல்லிட்டாளா?"

ஹேமலதா ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேண்டீன் டோக்கனை அமுக்கியது, பாத்ரூமுக்குப் போனால் வாட்ச் பார்த்தது, மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தது என்று மனிதர் வரிசையாகக் கொட்டிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் வேனில் ஒரு முகம் சிவந்தது. எழிலரசி அடுத்தது, அடுத்தது என்று காத்திருந்தாள். அவள் முறை வரவே இல்லை.

"அவ்ளோதாம்மா. சத்தியமா வேற எதுவும் ஞாபகம் இல்ல. கடைக்காரர் போன் கேக்கறார். சீக்கிரம் திருப்பும்மா."

பூவிழி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். "நம்மள விட்டுட்டுப் போனத அவர் சொல்லவே இல்லையேம்மா?"

"சொல்லல" என்று எழிலரசி போனை அணைத்து ஹேமலதாவிடம் கொடுத்தாள். "கீழ போலாம்ணா."

டிரைவர் கியர் மாற்றினார். மதியழகன் இல்லாமலேயே வேன் அடுத்த வளைவில் இறங்கியது.