படகுக்காரி வராத ஆறு

“மூணாம் பாகம் வெறும் கோவணத்தோட வந்தாலும் அஞ்சாம் பாகத்தத் தோக்கடிக்கும் மச்சான். இல்லன்னா அட்மின் பதவிய உன்கிட்டயே குடுத்துடறேன்.”

இதை ஹெட்போனில் உத்திராபதியிடம் முழங்கியபோது ஆரோக்கிய ஜெகனின் வாயில் வறுத்த முந்திரி இருந்தது. முந்திரி எடுக்க இடது கை. வலது கை மவுஸுக்கு. அதில் எண்ணெய் படக் கூடாது.

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்ததும் ‘சாம்பல் நாடு’ என்ற கணினி விளையாட்டில் குதிரை ஏறிவிடுவார். அதன் ஐந்து பாகங்களில் எது உயர்ந்தது என்பதே கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இன்று நிலவும் தலையாய பிரச்சினை. நாற்பத்தேழு பேர் கொண்ட வாட்ஸப் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அட்மின் ஜெகன், மூன்றின் கட்சி. சிதம்பரத்து ஜெராக்ஸ் கடைக்காரர் உத்திராபதி, ஐந்தின் கட்சி.

ஜெகனின் மூன்றாம் பாகத்தைப் பெற்றது கம்பெனி, வளர்த்தது ரசிகர்கள். அவர்கள் செய்து இலவசமாகக் கொடுக்கும் ஒட்டுவேலைக்கு மோட் என்று பெயர். மழை ஒரு மோட், குதிரைவால் ஒரு மோட் என்று எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு ஏற்றியிருக்கிறார். தமிழ் வசனம் அவரே எழுதியது. பனிமலை அரக்கன் “இன்னா மாமா, சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாளை உருவுவான்.

“உன் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டிட்ட. என் ஆளு தூங்கி எழுந்து வந்து நிக்கறான். யாருடா அழகுன்னு கேட்டா?” என்றார் உத்திராபதி. “எல்லாத்தையும் கழட்டு.”

“கழட்டறேன். படகுக்காரி ஒருத்தி போதும்டா. ஆத்தங்கரையில லாந்தர் வெச்சிகினு செத்துப்போன தம்பியப் பேர் சொல்லிக் கூப்பிடுவா பாரு. உன் அஞ்சுல அப்டி ஒரு சீன் இருக்கா?”

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெகன் வீட்டில் பலப்பரீட்சை; உத்திராபதி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நடுவர், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நித்யா மேரி. மோட் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பதினான்கு டிக்குகளும் எடுக்கப்பட்டன. மழை நின்றது. குதிரைவால் அட்டையானது. அரக்கன் ஆங்கிலத்துக்குத் திரும்பினான். ஜெகன் அசரவில்லை.

“ஆறு வரட்டும்.”

ஆறு வந்தது. படகு இருந்தது. லாந்தர் இல்லை, அவளும் இல்லை.

“வருவா. கொஞ்சம் லேட்டா வருவா.”

டீயில் ஆடை படிந்தது. நித்யா மேரி போர்வையை மடித்து முடித்தார். “ஏங்க, அவளும் ரசிகருங்க அனுப்பி வெச்சவதானா?”

ஜெகன் போனை எடுத்தார். உத்திராபதி சிரிக்க வாயெடுத்த நேரம் அவர் சட்டைப்பை அதிர்ந்தது: குழுவுக்கு இனி அவர்தான் அட்மின். நிமிர்ந்து பார்த்தார். ஜெகன் மோட் பட்டியலைத் திறந்து, இருநூற்றுப் பதின்மூன்றைத் தாண்டிப் போய், ஒரே ஒரு பெயருக்கு எதிரே டிக் போட்டுக்கொண்டிருந்தார்.