நெல் முளைத்த சுவர்

களிமண்ணும் வைக்கோலும் வைத்துச் சுவர் கட்டுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழை வந்தா?" என்பார். இருபது வருடம் சிமெண்ட் கொத்தனாராக இருந்தேன், அப்போது ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

மொத ஊடு

ஸ்டெல்லா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். கணவர் ஏழுமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளோடு நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகையில் குடியிருந்தார்கள். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, ஸ்டெல்லா லீவு போட்டுத் தண்ணீர் இறைப்பார்.

அங்கேயே ஒரு மண் வீடு கட்டித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அந்தத் தகரம்தான் புது வீட்டுக்குக் கூரை. அதனால் கொட்டகையைப் பிரித்துவிட்டு, நாலு பேரும் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். ஐப்பசி மழைக்குள் சுவர் எழும்பியாக வேண்டும். நான் தனியாக எடுக்கும் முதல் மண் வீடு இதுதான் என்பதை மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா சிரித்தார்.

"எங்களுக்கும் இதான் மொத ஊடு அண்ணே. சேந்தே கத்துக்கலாம்."

டாக்டர் கதவு

உடைத்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு அடித்தளம் போட்டோம். கம்பெனிகள் சரக்கு அடுக்கிக் கழித்துப்போட்ட பேலட் கட்டைகளில் சட்டம் அடித்தோம். ரோடு அகலப்படுத்த இடித்த கட்டடங்களின் மரச்சாமான் விற்கும் கடையில் நல்ல தேக்குக் கதவு ஒன்று கிடைத்தது. ஏதோ கிளினிக்கில் இருந்தது போலிருக்கிறது, "டாக்டர் உள்ளே இருக்கிறார்" என்று பெயிண்டில் எழுதியிருந்தது. சுரண்டிவிடலாம் என்று உளியை எடுத்தேன். ஏழுமலை கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணே. பசங்க தெனம் பாத்துக்கினு வளரட்டும்."

சுவரில் நாற்று

இப்போது என் லட்சணத்தைக் கேளுங்கள். வைக்கோலைக் களிமண் கூழில் முக்கி, பலகைகளுக்கு நடுவே திணித்து இடிப்பதுதான் வேலை. அதற்கு முன் வைக்கோலை உதறி, ஒட்டியிருக்கும் நெல்லை எடுத்துவிட வேண்டும். மழை பயத்தில் நான் உதறவே இல்லை. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று நாற்று முளைத்திருந்தது.

உள்ளே இருக்கும் ஈரத்தோடு பூசினால் வைக்கோல் அழுகிவிடும். பிரித்துக் கட்டலாம் என்றால் மழைக்குள் முடியாது. வீட்டைப் பிரித்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? மண்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வைக்கோல் கொடுத்த பக்கத்து நிலத்து முனுசாமி, என் வயதுக்காரர், வந்து பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அப்புறம் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் எனக்குப் பிழைப்பைக் கொடுத்தது.

"பயிரு பச்சையா கீதுன்னா உள்ள தண்ணி கீதுன்னு அர்த்தம் நைனா. அதுவா வாடட்டும், அப்புறம் பூசு."

மூன்றாம் நாள் மழை

தினமும் போய் நாற்றைப் பார்ப்பேன். பயிர் வாட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். ஒரு வழியாக எல்லாம் வாடிச் சருகானது. அவசர அவசரமாகச் சுண்ணாம்பு பூசி முடித்தேன். அவர்கள் குடிவந்த நாலாம் நாளே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மேற்கு மூலையில் ஒரு முழம் பூச்சு பெயர்ந்திருந்தது. சுவர் நின்றது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா டாக்டர் கதவைத் திறந்து, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார்.

"பசங்க கீழ படுத்துத் தூங்குதுங்க அண்ணே. மழைல இதான் மொத தபா."

பூச்சு பெயர்ந்த வேலைக்கு அவர் கொடுத்த ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்த கொத்தனார் நான், அன்றிலிருந்து வைக்கோலை மட்டும் இரண்டு தரம் உதறுகிறேன்.